வெறுங்காலின் வரலாறு: மன்னார்க் கரையில் ஏற்புவலி

மன்னாரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் முத்தை எழுதினர். மாதோட்டத் துறைமுகத்தை எழுதினர். போர்த்துக்கேயர் 1560-இல் எழுப்ப, 1658-இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையை எழுதினர். இவை யாவும் எழுதப்படவேண்டியனவே. ஆயின், முத்துக்குளித்தவனின் காலை எழுதியோர் மிகச் சிலர். கரையில் இறங்கி மாத்தளைவரை நடந்த தோட்டத் தொழிலாளியின் பாதத்தையும், குடிசையின் மண் தரையிற் பிள்ளை பெற்ற தாயின் துயரையும் எழுதியோரும் அவ்வாறே சிலர். மக்களின் வரலாறு என்பது மக்களின் உடலின் வரலாறுமாகும். எந்த நோய் எவரைத் தாக்கிற்று, எவரை விட்டுவைத்தது, மருந்து எவருக்கு முதலிற் கிடைத்தது, எவர் எத்தனை ஆண்டு காத்திருந்தனர் என்று வினவும்போது, கோட்டைக் கொத்தளங்கள் சொல்லாத பல செய்திகள் வெளிப்படுகின்றன.

இந்நோக்கில் நாம் இங்கே எடுத்துக்கொள்வது ஏற்புவலி என்னும் நோய். தமிழகத்தில் இது இரணஜன்னி எனவும் தனுர்வாதம் எனவும் வழங்கும். தனு என்பது வில். நோயாளியின் முதுகு வில்லாக வளைந்து, தலையும் குதிக்காலும் மாத்திரமே பாயைத் தொடும் கொடிய நிலையைக் கண்டவர்கள் இட்ட பெயர் அது. கிரேக்கரும் இழுத்து விறைத்தல் என்ற பொருளிலேயே இதற்குப் பெயரிட்டனர். வைத்தியத்தின் தந்தை எனப்படும் இப்போகிரட்டீசு இதனை விவரித்துள்ளார். அவருக்கும் முற்பட்ட எகிப்தியரின் பாப்பிரசு ஏடொன்றும் தலைக்காயத்தின் பின் வாய் பூட்டிக்கொண்ட மனிதனைப் பற்றிக் கூறுகின்றது. மனிதன் மண்ணை உழத் தொடங்கிய காலத்திலிருந்தே இந்நோயும் அவனோடு நடந்துவந்துள்ளது எனலாம்.

நோயின் இயல்பு

ஏற்புவலிக்குக் காரணம் ஒரு பற்றீரியா. அதன் இயல்பை அறிந்தால், அது ஏன் ஏழையின் நோயாயிற்று என்பது தானே விளங்கும். ஒட்சிசன் உள்ள இடத்தில் அது வளர்வதில்லை. ஆயின், அழிந்துவிடுவதுமில்லை. முரசின் தடியைப் போன்ற வடிவுடன், தடித்த கவசம் பூண்ட வித்தியாக மாறி, மண்ணிலே பல்லாண்டு உறங்கிக் கிடக்கும். வெயிலும் வறட்சியும் அதனை எளிதில் ஒழிப்பதில்லை. கொதிநீரிற் சிறிதுநேரம் இட்டாலும் அது பிழைத்துக்கொள்ளும். குதிரை, கழுதை, மாடு, ஆடு முதலியவற்றின் குடலில் அது வாழ்கிறது. அவ்விலங்குகளுக்கு அங்கே தீங்கு செய்யாது சாணத்தோடு வெளியேறி மண்ணிற் கலக்கின்றது. ஆகவே எருவிட்ட வயலும், பட்டி அடைத்த நிலமும், கால்நடை திரியும் தெருவும் அதன் இருப்பிடங்கள்.

ஆழமான குத்துக்காயம், நசுங்கிய தசை, முள் உள்ளே தங்கிய புண் ஆகியவற்றிற் காற்றுப் புகாது. அங்கே வித்தி விழித்துக்கொள்கிறது. துருப்பிடித்த ஆணி குத்தினாலே ஏற்பு வரும் என்று நம்மவர் கூறுவர். துரு இங்கே குற்றவாளி அன்று. ஆணியோடு உள்ளே சென்ற மண்ணும் அது துளைத்த ஆழமுமே குற்றவாளிகள். துருவே பிடியாத மீன்முள்ளும் பனங்கருக்கும் சிப்பியோடும் அதே தீங்கை விளைக்க வல்லன.

புண்ணில் வளரும் கிருமி புண்ணைவிட்டு நகர்வதில்லை. அது சுரக்கும் நஞ்சே நகர்கின்றது. நரம்பு வழியே ஏறி முள்ளந்தண்டை அடைகின்றது. நம் உடலிற் தசையை இறுக்கும் ஏவலும் உண்டு. இறுக்கத்தைத் தளர்த்தும் ஏவலும் உண்டு. இந்த நஞ்சு இரண்டாவதைத் தடுத்துவிடுகின்றது. ஆதலின் இறுகிய தசை இறுகியபடியே நிற்கின்றது. காயம்பட்ட 3 நாள் முதல் 21 நாள்வரையில், பெரும்பாலும் ஒரு வாரமளவில், முதற் குறி தோன்றும். தாடை இறுகி வாய் திறவாது. பின்னர் கழுத்து விறைக்கும், விழுங்குதல் அரிதாகும், முகத்தசைகள் இழுபட்டு, சிரிப்பல்லாத ஒரு சிரிப்பு முகத்தில் உறையும், வயிறு பலகையாகும். பின்பு வலிப்புகள் தொடங்கும். கதவு சாத்தும் ஓசையும், விளக்கின் ஒளியும், ஒரு கையின் தொடுகையுங்கூட ஒரு வலிப்பை எழுப்பப் போதியன. இத்தனைக்கும் அறிவு மயங்குவதில்லை. நோயாளி எல்லாவற்றையும் உணர்ந்தபடியே இருப்பான். மூச்சுத் தசைகள் பூட்டிக்கொள்ளும்போது உயிர் பிரிகின்றது. தீவிர சிகிச்சையும் செயற்கைச் சுவாசமும் கிடைக்கும் இடங்களிற் பலர் பிழைக்கின்றனர்; அவை இல்லாத இடங்களிற் பெரும்பாலோர் மாண்டனர்.

வேறு இரண்டு இயல்புகளையும் மனங்கொள்ள வேண்டும். ஒன்று, இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. இரண்டு, இந்நோயில் வீழ்ந்து பிழைத்தவனுக்கும் அதனால் எதிர்ப்புச்சக்தி உண்டாவதில்லை. ஆளைக் கொல்லப் போதுமான நஞ்சின் அளவு, உடலை எதிர்த்தெழச் செய்வதற்கு வேண்டிய அளவிலும் குறைவானது. அம்மை கண்டு தேறியவனை இயற்கை பின்னர் காக்கும். ஏற்பிலிருந்து எவரையும் இயற்கை காப்பதில்லை. அந்தக் காப்பை மனித அறிவும் மனிதர் சேர்ந்து செய்யும் ஏற்பாடுமே தரவேண்டும்.

கரையும் கால்களும்

இனி மன்னாரை நோக்குவோம். தலைமன்னார் முதல் பேசாலை, எருக்கலம்பிட்டி, தாழ்வுபாடு வரையிலான தீவும், வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை என நீளும் பெருநிலக் கரையும், கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் உள்நாட்டு வயல்களும் சேர்ந்ததே இப்பகுதி. தீவின் தெருக்களில் இன்றும் கழுதைகள் கூட்டங்கூட்டமாகத் திரிகின்றன. அவற்றையும் பெருக்கமரத்தையும் அரபு வணிகர் கொணர்ந்தனர் என்பது வழிவழிச் செய்தி. ஒரு காலத்திற் பொதி சுமந்த அவ்விலங்குகள் வேலை இழந்தபின் தெருவுக்கு வந்துவிட்டன. மணலும் மாட்டுப்பட்டியும் கழுதைச் சாணமும் பனங்கருக்கும் நிறைந்த நிலத்தில், காலணி இன்றி உழைத்த மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். தூண்டில் முள் ஏறிய விரல், திருக்கை குத்திய கணைக்கால், சிப்பி கிழித்த உள்ளங்கால், பனையேறியின் மார்பிற் கருக்குக் கீறிய புண் ஆகியவை இக்கரையிற் செய்தியல்ல, அன்றாட வாழ்வு. நோய்க்கு வேண்டிய மண்ணும் காயமும் இங்கே ஒருங்கே இருந்தன.

முத்துக்குளிப்பை எண்ணிப் பார்ப்போம். 1905-ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டி முகாமில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. கல்லின் துணையோடு மூழ்கி, மூச்சடக்கி, வெறுங்கையால் அவற்றைப் பறித்தவர்கள் இருகரைத் தமிழரும் சோனகரும் அரபியருமாவர். எடுத்ததில் மூன்றிலொரு பங்கு மூழ்கியோருக்கு. மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. இதே காலத்திற் சிப்பியின் நலத்தில் அரசு பெரிதும் அக்கறை கொண்டது. சிப்பிப் பார்கள் ஏன் அடிக்கடி பொய்க்கின்றன என்று ஆராய 1902-இல் இங்கிலாந்திலிருந்து பேராசிரியர் ஏர்ட்மன் வரவழைக்கப்பட்டார். அவரும் அவருடைய துணைவர் ஓர்னலும் கடலடியைத் துருவி ஆராய்ந்தனர். அதன் பேறாக 1903 முதல் 1906 வரை ஐந்து பெருந் தொகுதிகள் வெளிவந்தன. சிப்பியின் உடலிற் புகும் புழுவைப் பற்றி அவற்றிலே விரிவான ஆராய்ச்சி உண்டு. அவ்வறிஞரின் உழைப்பை நாம் இகழவில்லை. கடலியலுக்கு அது நற்கொடை. ஆயினும் சிப்பியின் புழுவுக்கு ஐந்து தொகுதி எழுதுவித்த ஆட்சி, சிப்பியை எடுத்தவனின் புண்ணுக்கு எத்துணை இடம் அளித்தது என்ற வினாவை வரலாற்று மாணவன் எழுப்பாமல் இருக்க முடியாது. சிப்பி வருமானம் தந்தது. சிப்பியை எடுத்தவனுக்குப் பதிலாக இன்னொருவன் கிடைப்பான் என்று அவர்கள் எண்ணினர்.

வடபாதையின் கதை இதனினும் துயரமானது. கோப்பித் தோட்டங்கள் மலைநாட்டில் எழுந்த 1820-களிலிருந்து, தென்னிந்தியக் கிராமங்களில் வறுமையும் சாதிக்கொடுமையும் வாட்டிய மக்கள் கடல் கடந்து மன்னார்க் கரைகளில் இறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தனர். நூறு மைலுக்கு மேற்பட்ட அக்காட்டுவழியை ஆணும் பெண்ணும் சிறுவரும் வெறுங்காலால் அளந்தனர். வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் அவர்களை வழியெங்கும் வீழ்த்தின. முட்குத்திய காலோடு நடந்தவனுக்கு அந்தக் காட்டில் நிற்க இடமில்லை. நின்றால் கூட்டம் அவனை விட்டுப் போய்விடும்.

இம்மக்களின் நோய்களை அரசு கவனிக்கவே இல்லை என்று கூறுதல் பொருந்தாது. கவனித்தது, ஆனால் தெரிந்தெடுத்துக் கவனித்தது. அம்மைப்பால் 1802-லேயே இலங்கைக்கு வந்துவிட்டது. 1886-இல் அம்மை குத்துதலைக் கட்டாயமாக்கும் சட்டம் நிறைவேறிற்று. கொள்ளைநோய்க்கு அஞ்சி 1899-இல் வடபாதை மூடப்பட்டது. முதலில் தூத்துக்குடியை அடுத்த தட்டப்பாறையிலும், பின்னர் மண்டபத்திலும் முகாம்கள் அமைந்தன. தொழிலாளர் அங்கே தடுத்துவைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, உடல் சோதிக்கப்பட்டனர். 1914-இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் புகைவண்டிப் பாதையும் திறக்கப்பட்டபின், அம்முகாமைக் கடந்தே அவர்கள் இக்கரை சேர்ந்தனர். 1916-இல் ராக்பெல்லர் நிறுவனத்தார் தோட்டங்களிற் கொளுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். அப்புழுவும் வெறுங்காலின் வழியே புகுவதுதான். அது தொழிலாளியின் குருதியைக் குடித்து வேலைத்திறனைக் குறைத்தமையால், துரைமாரும் அதில் அக்கறை காட்டக் காரணமிருந்தது.

அம்மை தொற்றும்; வாந்திபேதி பரவும்; கூலி லயத்திற் பிறந்த நோய் துரையின் மாளிகைக்கும் ஏறக்கூடும். ஆதலால் அரசு அஞ்சியது, அஞ்சியதால் செயற்பட்டது. ஏற்புவலியோ தொற்றுவதில்லை. அது எவனது காலிற் புகுந்ததோ அவனோடு முடிந்துவிடும். உடையவனை அச்சுறுத்தாத நோய்க்கு முகாமும் இல்லை, சட்டமும் இல்லை. அக்காலத்தில் இதற்குத் தடுப்பு மருந்து தோன்றியிருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால் செருப்புத் தோன்றியிருந்தது, சவர்க்காரம் தோன்றியிருந்தது, கொதிக்கவைத்த கத்தி தோன்றியிருந்தது. இவைகூட ஏழைக்கு எட்டவில்லை என்பதே கேள்வி.

ஆய்வுகூடமும் போர்க்களமும்

தடுப்பு மருந்தின் தோற்றம் விஞ்ஞான வரலாற்றில் ஓர் அழகிய அதிகாரம். 1884-இல் இத்தாலியின் தூரின் நகரிற் கார்லே, ரத்தோனே என்ற இருவர், ஏற்பினால் இறந்த ஒருவனின் புண்ணிலிருந்து எடுத்த சீழை முயல்களுக்குச் செலுத்தி நோயை உண்டாக்கிக் காட்டினர். அதே ஆண்டில் ஜேர்மனியில் நிக்கொலாயர் என்பவர் சாதாரணத் தோட்டமண்ணைச் செலுத்தியே விலங்குகளுக்கு ஏற்பை வருவித்தார். நோய் ஆவியிலோ விதியிலோ இல்லை, மண்ணில் இருக்கிறது என்பது அன்று ஐயந்திரிபற விளங்கிற்று. 1889-இல் பேர்லினிற் கொக் என்னும் பேராசானின் ஆய்வுகூடத்தில், யப்பானிய அறிஞர் கித்தசாட்டோ அக்கிருமியைத் தனியே பிரித்து வளர்த்தார். ஏனைய கிருமிகள் மாளும்படி சூடாக்கி, எஞ்சிய வித்திகளை ஒட்சிசன் அற்ற சூழலில் முளைக்கச் செய்த அவருடைய முறை எளிமையும் நுட்பமும் வாய்ந்தது. அடுத்த ஆண்டு அவரும் பேரிங்கும், நஞ்சூட்டிப் பழக்கிய விலங்கின் குருதிநீர் வேறோர் உயிரைக் காக்கும் என்று நிறுவினர். 1901-இல் மருத்துவத்திற்கான முதலாவது நோபல் பரிசு பேரிங்குக்கு மட்டும் வழங்கப்பட்டது. ஆசியனான கித்தசாட்டோவுக்கு அதிற் பங்கு கிட்டவில்லை.

காப்புக் குருதிநீர் பெரும்பாலும் குதிரையிலிருந்து எடுக்கப்பட்டது. நோயின் வித்தியைத் தன் குடலிற் சுமந்த விலங்கே அதன் மாற்றையும் தன் குருதியிற் சுமந்தது. இக்குருதிநீர் பேரளவிற் பயன்பட்ட முதற் களம் முதலாம் உலகப்போர். பிளாண்டர்சிலும் வட பிரான்சிலும் எருவிட்ட வயல்களே பதுங்குகுழிகளாயின. 1914 செப்டெம்பரிற் காயமுற்ற பிரித்தானியப் படையினர் ஆயிரவருள் எட்டு ஒன்பது பேரை ஏற்பு பற்றிக்கொண்டது. காயமுற்ற ஒவ்வொருவனுக்கும் குருதிநீர் ஏற்றத் தொடங்கியதும் அத்தொகை ஓரிருவராக வீழ்ந்தது. ஆயினும் குதிரைக் குருதிநீரின் காப்புச் சில வாரங்களுக்கே நிற்கும்.

நிலையான காப்பைத் தந்தது பிரான்சு. றமோன் என்பார் கிருமியின் நஞ்சைப் போர்மலின் கொண்டு பதப்படுத்தி, தீங்கு நீங்கிய, ஆனால் உடலை எதிர்த்தெழப் பழக்கும் ஆற்றல் நீங்காத பொருளாக மாற்றும் வழியைக் கண்டார். 1924-இல் தெக்கொம்பே அவ்வழியில் ஏற்பு நஞ்சைப் பதப்படுத்தினார். அதுவே இன்றைய ஏற்புத் தடுப்பூசியின் தாய். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படையினர் அனைவருக்கும் இவ்வூசி இடப்பட்டது. இலட்சக்கணக்கானோர் காயமுற்ற அப்பெரும் போரில் அப்படையில் ஏற்பு கண்டோர் 12 பேர் மட்டுமே.

விஞ்ஞானத்தின் வெற்றிக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. ஆனால் இவ்வெற்றி முதலில் எவரை அடைந்தது? போர்வீரனை அடைந்தது. சுடுவதற்கு உயிரோடு வேண்டியவன் அவன். உழுபவனும் கடலோடியும் பிள்ளைத்தாய்ச்சியும் காத்திருந்தனர்.

பிறந்த குழந்தை

ஏற்புவலியின் கொடுமை முழுவதும் வெளிப்படுவது போர்க்களத்திலன்று, ஈன்ற அறையில். தூய்மையற்ற கத்தியோ அரிவாளோ கொண்டு கொடி அறுக்கப்படும்போதும், அறுத்த தொப்புளிற் சாம்பலோ சாணமோ அப்பப்படும்போதும், மண்ணின் வித்தி பச்சைப்புண்ணை அடைகின்றது. நலமாய்ப் பிறந்து இரண்டு நாள் நன்றாகப் பால்குடித்த சிசு, மூன்றாம் நாளுக்குப் பின்னர், பெரும்பாலும் ஒரு வாரத்துள், காம்பைப் பற்ற முடியாது தவிக்கும். அழும், பின் அழவும் வாய் திறவாது, கைகால் முறுக்கிக்கொள்ளும். பெயரிடும் சடங்கு வருமுன் முடிந்துவிட்ட வாழ்வுகள் இவை. பேயின் வேலை என்றும், தாயின் பாவம் என்றும் ஊர் கூறிற்று. குழந்தையை இழந்தவளே குற்றவாளியுமானாள்.

இது கீழைநாட்டு மூடத்தனம் என்று சிலர் எளிதாகக் கூறிவிடுவர். ஸ்கொத்லாந்தின் மேற்கே ஆங்கிலேயரின் கொடிக்கீழ் இருந்த சென்ற் கில்டா என்ற சிறு தீவை அவர்கள் அறிய வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பிறந்த குழந்தைகளுட் பெரும்பகுதி எட்டுநாள் நோயினால் மாண்டன. தீவினர் அதனைக் கடவுளின் சித்தம் என்றே ஏற்றிருந்தனர். தீவின் மதகுரு கிருமிநீக்க முறையைப் பயின்று, தூய்மையான பேற்றுமுறையை வற்புறுத்திய பின்னர், 1891-ஓடு அச்சாவுகள் நின்றன. அப்போது தடுப்பூசி இல்லை, தூய்மை மாத்திரமே. மேற்கிந்தியத் தீவுகளிற் கரும்புத் தோட்டங்களின் அடிமைப் பெண்கள் பெற்ற சிசுக்களும் இதே நோயாற் பெருந்தொகையில் மடிந்தன. வடகடலின் வெள்ளையர் குழந்தைக்கும் வெப்பநாட்டின் கறுப்பர் குழந்தைக்கும் பொதுவாக இருந்தது இனமன்று, சமயமுமன்று. மண் தரையும் கைவிடப்பட்ட வாழ்வுமே.

ஆகவே நம் ஊர் மருத்துவிச்சியைப் பழிப்பதை நாம் ஏற்கமாட்டோம். இரவில் விளக்கேந்தி, கூலி கேளாது, கரைவலைக் குடிசைக்கும் வயற்குடிசைக்கும் சென்றவள் அவளே. அவளுக்குக் கிருமியியலைத் தமிழிற் சொல்லிக்கொடுக்க எவரேனும் வந்தனரா என்பதே கேட்கத்தக்க கேள்வி. ஒருவர் முயன்றார். அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமது இரண்டாவது பணிக்காலத்தில், 1862-க்கும் 1873-க்கும் இடையில், தமிழ் இளைஞருக்குத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். மகப்பேற்று நூலையும் இரணவைத்திய நூலையும் தமிழாக்கினார். அவர் சென்றபின் அம்மரபு தொடர்ந்திருப்பின், அறிவு குடிசையை அடைய நூறாண்டு ஆகியிராது. மருத்துவம் ஆங்கிலத்திற்கு மீண்டது. மருத்துவிச்சி வெளியே நின்றாள்.

நிலைமை மாறத் தொடங்கியது மக்களுக்கு வாக்குரிமை வந்த காலத்தில் என்பது தற்செயலன்று. 1926-இற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிற்று. 1931-இற் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. வாக்குக் கேட்கச் சென்றவர், வாக்காளன் கேட்ட ஆஸ்பத்திரியையும் பாடசாலையையும் பற்றிப் பேசவேண்டியதாயிற்று. பயிற்சிபெற்ற குடும்பநல மருத்துவமாது கிராமந்தோறும் வீடுதேடிச் செல்லும் முறை மெல்ல வேரூன்றியது. இந்த மருத்துவமாதுகளே இந்நாட்டுப் பொதுச் சுகாதாரத்தின் உண்மையான அத்திவாரம்.

தாய்க்கு ஊசி இட்டாற் சேய் காக்கப்படும் என்பதை உலகுக்கு நிறுவியதும் ஓர் ஏழைநாடே. நியூகினியின் மலைக்கிராமங்களில் ஸ்கோபீல்டும் அவருடைய துணைவரும் கருவுற்ற பெண்களுக்கு ஊசியிட்டு ஆராய்ந்து, 1961-இல் முடிவை வெளியிட்டனர். தாயின் உடலில் உண்டாகும் எதிர்ப்பொருள் கொப்பூழ்க்கொடி வழியே கருவை அடைந்து, பிறந்தபின் ஆபத்தான வாரங்களில் அதனைக் காக்கின்றது. கொடியை அறுப்பவர் எவராயினும், கத்தி எத்தகையதாயினும், காப்பு ஏற்கெனவே குழந்தையின் குருதியில் உள்ளது. வீட்டுநிலை மாறும்வரை காத்திராத வைத்தியம் அது.

இலங்கையில் 1961-இல் முக்கூட்டுத் தடுப்பூசி குழந்தைகளுக்கு வந்தது. 1969-இல் கருவுற்ற தாய்மாருக்கு ஏற்புத் தடுப்பூசி தொடங்கியது. 1978-இல் விரிவாக்கப்பட்ட நோய்த்தடுப்புத் திட்டம் ஆரம்பமாயிற்று. மருந்து கண்டுபிடிக்கப்பட்ட 1924-க்கும் நம் தாயின் கையை அது அடைந்த 1969-க்கும் இடையில் 45 ஆண்டுகள். அந்த இடைவெளியில் விஞ்ஞானம் குறைவுபடவில்லை. ஏழையை எண்ணும் ஏற்பாடே குறைவுபட்டது. 1988-இல்கூட உலகெங்கும் ஓராண்டில் ஏறத்தாழ 7,87,000 சிசுக்கள் இந்நோயால் மடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. முப்பது ஆண்டுகளின் பின், 2018-இல், அத்தொகை ஏறத்தாழ 25,000 ஆகக் குறைந்தது. 2016-இல் தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதும் தாய்-சேய் ஏற்புவலி நீக்கப்பட்டதாக அந்நிறுவனம் அறிவித்தது. இலங்கை அந்நிலையை அதற்கு மிக முன்னரே எய்தியிருந்தது.

யுத்தமும் இடப்பெயர்வும்

இந்த வெற்றிக் கணக்கை மன்னாரிலிருந்து வாசிக்கும்போது அதன் அருமை இருமடங்காகின்றது. 1978-இல் திட்டம் தொடங்கி ஐந்தாண்டுகளில் நாடு தீப்பற்றியது. 1983-க்குப் பின் இக்கரையிலிருந்து வள்ளங்களில் இராமேச்சுரம் சென்ற அகதிகள் மண்டபம் முகாமிற் தங்கவைக்கப்பட்டனர். பாட்டன் தோட்டத்துக்கு வரும் வழியில் அம்மை குத்தப்பட்ட அதே மண்டபம்; 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் நாடு கடத்தப்பட்ட மலையக மக்கள் இறங்கிய அதே மண்டபம். மூன்று தலைமுறைத் துயர் ஒரே வாயிலைக் கடந்தது. 1990 ஒக்ரோபரில் எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தின் ஓலைக் குடிசைகளை அடைந்தனர். பின்னர் மடுவிலும் காடுகளிலும் தமிழ்க் குடும்பங்கள் மரத்தடிகளில் வாழ்ந்தன. நிலத்திற் கண்ணிவெடி புதைந்தது. மருந்துக்கும் தடைகள் இருந்தன. மண் நிறைந்த காயத்தை இதனினும் பெருக்கும் வழி வேறில்லை.

இந்நிலையிலும் தடுப்பூசி முற்றாக நின்றுவிடவில்லை என்பது வரலாற்றில் எழுதப்படவேண்டிய செய்தி. 1990-களின் நடுப்பகுதியில், போலியோ மருந்து கொடுக்கும் நாட்களில் இரு தரப்பும் துப்பாக்கியைத் தாழ்த்த இசைந்தன. குளிர்ப்பெட்டியைச் சுமந்து காவலரண்களைக் கடந்த தாதியரும் மருத்துவமாதுகளும் எந்தக் கொடியையும் ஏந்தவில்லை. 2004-இன் ஆழிப்பேரலைக்குப் பின் இந்தோனேசியாவின் அச்சேயில் 106 பேர் ஏற்புவலியால் பீடிக்கப்பட்டனர். 20 பேர் இறந்தனர். அங்கே வயதுவந்தோர் பலர் ஊசி பெற்றிருக்கவில்லை. அதே அலை அறைந்த இலங்கைக் கரைகளில் அத்தகைய பெருந்தாக்கம் எழவில்லை. பேரிடர் வந்தபின் ஓடுவதைவிட, வருமுன் பல்லாண்டு அமைதியாகச் செய்த வேலையே உயிர்காத்தது.

இனி நம் கடன்

ஏற்பின் வரலாறு முடிந்துவிட்டதா? இல்லை, முடியவும் முடியாது. அம்மையை உலகிலிருந்தே ஒழித்தோம். மனிதரிடம் மட்டுமே வாழ்ந்த நோய் அது. ஏற்பின் கிருமி மண்ணில் வாழ்கின்றது. மன்னாரின் மண் 1905-இல் இருந்தபடியே இன்றும் இருக்கின்றது. அன்றியும், பிற நோய்களிற் பலர் ஊசி பெற்றாற் பெறாத சிலரும் அவர்களின் நிழலிற் காக்கப்படுவர். ஏற்பில் அந்நிழல் இல்லை. அயலவன் பெற்ற ஊசி நம்மைக் காக்காது. ஒவ்வொருவரும் தாமே பெறவேண்டும். அதற்காகவே சமுதாயம் ஒவ்வொருவரையும் தேடிச் செல்லவேண்டும். தனியுடைமையாகத் தோன்றும் இக்காப்புத்தான் மிகுந்த கூட்டு முயற்சியை வேண்டுவது.

இன்று குழந்தைக்கு 2, 4, 6 மாதங்களிலும், 18-ஆம் மாதத்திலும், 5 வயதிலும், பாடசாலையில் ஏறத்தாழ 11 வயதிலும் இக்காப்பு இலவசமாகக் கிடைக்கின்றது. கருவுற்ற தாய்க்கும் கிடைக்கின்றது. எஞ்சி நிற்போர் யார்? 1961-க்கு முன் பிறந்தோர் சிறுவயதில் ஊசி பெறவில்லை. அவர்களுட் பெண்கள் பலர் பின்னர் கருவுற்றபோது பெற்றனர். ஆண்களுக்கு அவ்வாய்ப்பும் இல்லை. ஆதலின் முதிய மீனவரும் கமக்காரரும் பனைத்தொழிலாளருமே இன்று காப்பற்று நிற்கின்றனர். யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து வளர்ந்தோருள் தடுப்பூசி அட்டையை இழந்தோரும் தவணை தவறியோரும் உளர். இந்நாட்டில் இன்றும் அரிதாகப் பதிவாகும் நோயாளருட் பெரும்பாலோர் வயது முதிர்ந்தோரே.

ஆசிரியர்களும் மாணவர்களும் இங்கே செய்யக்கூடியது சிறிது. ஆயின் பயன் பெரிது. மாணவன் தன் அட்டையோடு தன் பாட்டனாரின் நிலையையும் வினவட்டும். அப்பு, உங்களுக்கு ஏற்பூசி எப்போது போட்டது என்ற ஒரு கேள்வி போதும். காயம் பட்டதும் ஓடும் நீராலும் சவர்க்காரத்தாலும் நன்கு கழுவுக. மண்ணும் முள்ளும் உள்ளே தங்கவிடாதீர். சாணமும் சாம்பலும் அப்பாதீர். அன்றே வைத்தியசாலைக்குச் செல்க என்பதை வகுப்பறையிலும் மீனவர் சங்கத்திலும் கமக்காரர் அமைப்பிலும் நம் மொழியிலே சொல்வோம். முன்னர் முறையாக ஊசி பெற்றவராயினும், அழுக்கான காயத்துக்கு 5 ஆண்டும் சிறு காயத்துக்கு 10 ஆண்டும் கடந்திருப்பின் மீண்டும் ஓர் ஊசி வேண்டும். ஒருபோதும் பெறாதவருக்கு, அழுக்கான காயமாயின், ஊசியோடு ஆயத்தமான எதிர்ப்பொருளும் வேண்டும். இவை வைத்தியர்க்கு மட்டும் உரிய மறைபொருள்கள் அல்ல.

இலவச மருத்துவம் நமக்கு எவரோ மனமிரங்கி ஈந்ததன்று. வாக்குரிமையோடும் தொழிலாளர் போராட்டத்தோடும் வந்தது. 2022-இல் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்து ஆஸ்பத்திரிகளில் மருந்து தட்டுப்பட்டபோது, அது எத்துணை எளிதிற் குலையக்கூடியது என்பதைக் கண்டோம். செலவைக் குறைப்போம் என்போர் முதலிற் கைவைப்பது ஓசையின்றி நடக்கும் வேலைகளிலேயே. மருத்துவமாதின் பதவி வெற்றிடமாகக் கிடந்தால் மறுநாள் எவரும் சாவதில்லை. பத்தாண்டின் பின் ஒரு சிசு பால்குடிக்க வாய் திறவாது போகும். அதன் கணக்கை அப்போது எந்த நிதியமைச்சும் ஏற்காது. அதை இப்போதே கேட்பது நம் கடன்.